ஒட்சிசன் என்று மட்டும் சொன்னாய்

உன் தங்கையின் பிள்ளைக்குக் கண் போகலாம் என்பது உனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டுதான் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். மகன், இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட்டுக் கத்தி, உன் அம்மாவோடு சண்டை பிடித்து, இரண்டு நாள் வயலுக்குப் போகாமல் கிடந்து எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது நடந்த விசயம் மட்டும்தான். உனக்கு அனுப்பிய குரல் பதிவுகளை நீ கேட்டிருக்கிறாய் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் இதை எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். ஊரில் எங்களைத் தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தங்கச்சி இதைப் படித்தாலும் நம்பமாட்டாள். ஏன் நம்பமாட்டாள் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ கடைசியாக வெளிநாட்டிலிருந்து ஜெயபுரத்துக்கு, நம் வீட்டுக்கு வந்து நின்ற கிழமையை நினைத்துப் பார். தங்கச்சிக்கு அப்போது இரண்டாம் மாதம். வாந்தி நிற்காமல் நெடுங்கேணி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து நம்மோடு நின்றாள். பால் விடாத ஒரு பிளேன்டியைக்கூட வயிறு தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், முன் அறையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் மடிக்கணினியை வைத்து நீ ஒரு படம் போட்டுக் காட்டினாய். முட்டைக்குள் இருக்கும் மீன்குஞ்சு. கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே பச்சை வெளிச்சமாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.

"இதென்ன அண்ணா, பச்சைப் புழு ஊருது?" என்று தங்கச்சி கேட்டாள்.

"புழு இல்லையடி. இரத்தக் குழாய். பச்சையாத் தெரியச் செய்திருக்கிறம். இப்பதான் முளைக்குது."

நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. உடம்பு உருவாகும் நேரத்தில் முதலில் குழாய் என்று ஒன்றுமே இல்லை, அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் உயிர்க்கலங்கள் ஒன்றையொன்று தேடிவந்து ஒட்டித்தான் முதல் பெரிய குழாய் உண்டாகிறது என்றாய். பிறகு அந்தக் குழாயின் சுவரிலிருந்து கிளைகள் கிளம்புகின்றன. எங்கே இரத்தம் போய்ச் சேரவில்லையோ, எங்கே ஒட்சிசன் இல்லாமல் தசை தவிக்கிறதோ, அங்கிருந்து ஒரு கூப்பாடு வருகிறது. அதைக் கேட்டு ஒரு கலம் முன்னே பாய்கிறது. அது விரல் விரலாக நீட்டித் தடவித் தடவிப் போகிறது. போகும்போதே பக்கத்தில் இருக்கும் கலங்களுக்கு, நீங்கள் முன்னே வராதீர்கள், பின்னாலேயே வாருங்கள் என்று கட்டளை கொடுக்கிறது. பின்னால் வருபவை பெருகிப் பெருகித் தண்டாகின்றன. வேறொரு பக்கத்திலிருந்து வந்த கிளையைச் சந்தித்ததும் இரண்டும் கைகோக்கின்றன, நடுவே துளை விழுகிறது, இரத்தம் ஓடுகிறது. இரத்தம் ஓடாத கிளை தானாகவே வாடி மறைந்துவிடும் என்றாய்.

"அப்ப முன்னுக்குப் பாயிறது நீ. பின்னுக்கு நிண்டு வா எண்டு சொல்லக் கேட்டுக்கொண்டு நிக்கிறது நான்," என்றாள் தங்கச்சி.

"நீ எப்பவடி ஒருத்தர் சொல்லக் கேட்டனீ?"

"கேட்டுத்தானே காமென்ற்ஸுக்குப் போனனான்."

நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். உன் அம்மா குசினியிலிருந்து, "ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்து சாப்பிடுங்கோ, சோறு ஆறுது," என்று கத்தினாள். நான் சிரிக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியலில் உன்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவள் அவள். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை வந்தபோது யாரைப் படிக்க வைப்பது என்று இந்த வீட்டில் ஒருவரும் கூடிக் கதைக்கவில்லை. கதைக்கத் தேவை என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்பிள்ளை போனான், பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். இங்கே வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. இதைப் பாசம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம்.

சாப்பாட்டின் மணம் பட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். அப்போதுதான் நான் உன்னிடம், இதைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அப்பா, குறைமாசத்தில பிறக்கிற பிள்ளையளின்ர கண்ணுக்குள்ள இந்தக் குழாய் வளர்ந்து முடிஞ்சிருக்காது. பிறந்தாப் பிறகு பிழையா வளரும். நேரத்துக்குப் பாத்தா லேசர் அடிச்சுக் காப்பாத்தலாம். பிந்தினா உலகத்தில ஒருத்தராலயும் ஏலாது. அதைத்தான் நாங்கள் படிக்கிறம்." நீ இதைச் சொன்னது என்னிடம். தங்கச்சி கிணற்றடியில் குனிந்து நின்றாள். அவள் காதில் அது விழவில்லை.

ஏழாம் மாதம் அவளுக்குப் பிரஷர் ஏறி, கண் இருட்டி, கால் முகமெல்லாம் வீங்கிப்போனது. நச்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுபோக வேண்டிய குழாய்கள் சரியாக விரியவில்லை, அதுதான் தாயின் உடம்பு இப்படித் துடிக்கிறது, பிள்ளையை எடுக்காவிட்டால் இரண்டு உயிரும் போகும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். வெட்டி எடுத்தார்கள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிய பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தது. அந்த வாட்டில் வேலை செய்த நேர்ஸ்மாரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஒரு ஆள் நாலு ஆளின் வேலை செய்தாள். அந்த ஒட்சிசன் இல்லாவிட்டால் பிள்ளை அந்த இரவைத் தாண்டியிருக்காது. இந்த வசனத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

நாலு கிழமை கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது கண் பார்க்கும் டொக்டர் அங்கே இல்லை. இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. கட்டடம் இருக்கிறது. மந்திரி வந்து திரை விலக்கிய கல்வெட்டு மூன்று மொழியிலும் இருக்கிறது. தார் போட்ட கார்ப்பெற் றோட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. உள்ளே பூட்டிய கதவு. சண்டை முடிந்த பிறகு வன்னிக்குக் கிடைத்தது எல்லாம் இப்படித்தான் கிடைத்தது. படித்த நீங்கள் ஒவ்வொருவராகப் பறந்துபோக, படிக்காத நாங்கள் கல்வெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நேர்ஸ் மட்டும் சொல்லிவிட்டாள். "ஐயா, வாற கிழமை கட்டாயம் அடுத்த மாவட்டத்துக் கண் கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ. மறந்துபோயிடாதேங்கோ." நான் மறக்கவில்லை. ஓட்டோவும் பேசிவைத்தேன்.

பிள்ளை போனது நெடுங்கேணிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு. அங்கே சம்பந்தியம்மா சட்டம் போட்டா. முப்பத்தொரு நாள் தீட்டு முடிந்து, துடக்குக் கழித்துத்தான் பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோகலாமாம். சரி, முப்பத்தொன்றுக்கு இன்னும் எத்தனை நாள், இரண்டு மூன்று நாள்தானே என்று நான் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கிடந்த நாளை என்னெண்டு எண்ணுறது சம்பந்தி? வீட்டுக்கு வந்தால்தானே துடக்கு. வந்த நாளிலயிருந்துதான் முப்பத்தொண்டு."

"பிறந்த நாளிலயிருந்துதானே எல்லா இடத்திலயும் எண்ணுறவை?"

"உங்கட பக்கத்தில எப்பிடியோ எங்களுக்குத் தெரியாது. எங்கட பக்கத்தில இப்பிடித்தான்."

உங்கட பக்கம். மலைநாட்டிலிருந்து அடிவாங்கி ஓடிவந்த குடும்பம் நாங்கள். நான் இங்கே வந்தபோது அரைக்காற்சட்டைப் பையன். இந்தக் காட்டை வெட்டி, இந்த மண்ணைக் கிண்டி, ஒரே பங்கரில் ஒரே ஷெல்லுக்குப் பயந்து, ஒரே முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்ற பிறகும், யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய சம்பந்தி வீட்டாருக்கு நாங்கள் இன்னும் 'உங்கட பக்கம்'தான். தங்கச்சி விரும்பிக் கட்டின கல்யாணம் அது. அவர்கள் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டதாக இன்றைக்கும் நினைக்கிறார்கள். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அடுத்த நாள் அதை அவள் முதுகில்தான் இறக்குவார்கள். ஆனாலும் நான் விடவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தாயைப் பார்த்தார். தாய் ஓட்டோக்காரரைப் பார்த்து, "நீங்கள் போங்கோ தம்பி, இண்டைக்கு ஒரு பயணமும் இல்லை," என்றா.

வேலியடியில் நின்று உனக்குப் போன் எடுத்தேன். உன் பேச்சென்றால் சம்பந்தியம்மாவுக்கு மரியாதை. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை என்று தன் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவ. உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"மகன், இந்த மனுசியிட்ட ஒரு வார்த்தை சொல்லு. கண் கிளினிக்குக்கு விடச் சொல்லு."

"அப்பா, அவையின்ர வீட்டு விசயத்தில நான் என்னெண்டு தலையிடுறது? பிறகு தங்கச்சிக்குத்தான் கரைச்சல்."

"நீதானே சொன்னாய், பிந்தினா ஏலாதெண்டு."

பின்னால் யாரோ இங்கிலிசில் உன்னைக் கூப்பிட்டது கேட்டது. பிறகு சொன்னாய். "அது எல்லாப் பிள்ளைக்கும் வராது அப்பா. கொஞ்சம் பிந்தினா ஒண்டும் நடக்காது. பெரியாக்களைப் பகைக்காதேங்கோ."

கொஞ்சம் பிந்தினால் ஒன்றும் நடக்காது. நீ படித்த படிப்புக்கு நேர் எதிரான வசனம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அறியாமை என்று விட்டிருப்பேன். சம்பந்தியம்மாவையே நான் ஓரளவுக்கு விட்டுவிட்டேன். பிள்ளைக்குக் கிருமி தொற்றிவிடும், வெளிக்காற்றுப் பட்டுவிடும் என்றுதான் அவ பயந்தா. இரவில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தபடியே தூங்கினவ அவ. அவவுக்குக் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. உனக்குத் தெரியும். உன் மேசையில், உன் நுணுக்குக்கண்ணாடிக்குக் கீழே, தினமும் அதையே பார்க்கிறாய்.

சம்பந்தியம்மாவின் கணக்குப்படி துடக்குக் கழித்து, ஐயரைக் கூப்பிட்டு வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் போனோம். அந்தக் கிளினிக்கில் இருந்த டொக்டர் சின்ன வயதுப் பெண். பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தா. மற்றக் கண்ணையும் பார்த்தா. திரும்பவும் முதல் கண்ணைப் பார்த்தா. பிறகு தன் கதிரையில் இருந்துகொண்டு, "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டா. தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது கண்ணின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்த குழாய்கள், பெட்டிக்குள் வந்து நிறைய ஒட்சிசன் கிடைத்ததும் போதும் என்று நின்றுவிட்டனவாம். பிறகு குழாயே போய்ச் சேராத ஓரம் பட்டினியில் கத்தத் தொடங்கியதாம். அந்தக் கத்தலுக்கு நின்றுபோன கலங்கள் வெறிபிடித்த மாதிரிக் கிளம்பி, ஒழுங்கில்லாமல், போகக்கூடாத பக்கமெல்லாம் வளர்ந்து, கசிந்து, தழும்பாகி, கண்ணின் பின்படலத்தையே சுவரிலிருந்து உரித்து இழுத்துவிட்டதாம். கத்தத் தொடங்கிய நேரத்தில் கொண்டுவந்திருந்தால் அந்த ஓரத்தைச் சுட்டு அடக்கியிருக்கலாம் என்றா. நான் அதிகம் படிக்காதவன். ஆனால் டொக்டர் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைக்குக்கூட விளக்கம் தேவைப்படவில்லை. நீ ஏற்கெனவே நம் வீட்டில் வைத்து எனக்குச் சொல்லித் தந்துவிட்டாய்.

இதெல்லாம் நடந்தபோது தங்கச்சி கதவுக்கு வெளியே இருந்தாள். வெட்டின காயம் இன்னும் ஆறாமல் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு வந்தவள், வாங்கில் சரிந்து கிடந்தாள். பிறகு நாங்கள் சொன்னது எதுவும் அவள் மண்டைக்குள் போகவில்லை. ஊர் அவளுக்கு வேறு காரணங்கள் சொன்னது. கிரகணத்தன்று வெளியில் திரிந்தாளாம். வயிற்றோடு தையல் மிசின் மிதித்தாளாம். சாதி மாறிக் கட்டினாளாம். அவள் எல்லாவற்றையும் கேட்டு எல்லாவற்றையும் நம்பி, கடைசியில் உனக்குப் போன் எடுத்தாள். அழுதுகொண்டே, "அண்ணா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீ ஒரு பிழையும் விடேல்லையடி. ஒட்சிசன் கூடினதால வந்தது. ஆஸ்பத்திரியில குடுத்த ஒட்சிசன்," என்றாய். ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

நீ சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு கேடு செய்தது. ஒட்சிசன் என்று மட்டும் சொன்னாய். அந்த ஒட்சிசன்தான் பிள்ளையை உயிரோடு வைத்தது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு கண்ணைப் பார்த்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்ததாக, உனக்கு இது முதலே தெரியுமா அண்ணா என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நீ பாதியில் நிறுத்தினாய். மகன், வாழ்க்கையில் உனக்கு நான் சொல்லித் தந்தது குறைவு. இதையாவது கேள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு வெட்டிச் சொன்ன உண்மை, பொய்யை விட மோசம். பொய்யென்றால் ஒருநாள் பிடிபடும். உன் பாதி உண்மையைப் பிடிக்க இங்கே ஆளில்லை.

அதன் பலனைச் சொல்கிறேன். தங்கச்சி மறுபடியும் பிள்ளை தாங்கியிருக்கிறாள். உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். அம்மா சொல்லாததை நான் சொல்கிறேன். அவளுக்குப் பிரஷர் மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. முகம் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று நிற்கிறாள். கர்ப்பிணிகளை வீடு வீடாக வந்து பார்க்கும் மருத்துவமாது படலையில் சைக்கிளை நிறுத்தினால், பின்பக்கத்தால் வயல் வரம்புக்குப் போய்விடுகிறாள். மாப்பிள்ளை காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். சம்பந்தியம்மாவே, "பிள்ளை, என்ர பேச்சைக் கேட்டுப் பட்டது போதும், இப்ப டொக்டர்மாற்ர பேச்சைக் கேள்," என்று அழுதா. அந்த மனுசி என் முன்னால் தலைகுனிந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை.

போன கிழமை நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்சிசன் இல்லாவிட்டால் பிள்ளை செத்திருக்கும் என்றேன். கண்ணைப் பார்க்கப் பிந்தியதுதான் பிழை என்றேன். அண்ணாவுக்குத் தெரியும், போனில் நானே கேட்டேன் என்றேன். அவள் மகளை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளை சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்தது.

"நீங்கள் அண்ணாவில கோவத்தில கதைக்கிறியள் அப்பா. அண்ணா படிச்சது இதைத்தான். அவர் தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாமல் விடுவாரோ?"

"சொல்லேல்லைத்தானே."

"அப்ப அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான். ஒட்சிசன் எண்டு அவர் என்ர காதில சொன்னவர். இதை ஒருக்காக் குருடாக்கினது காணும். மற்றதையும் அவையளிட்டக் குடுக்க மாட்டன்."

"நீ செத்துப்போவாயடி."

"செத்தாலும் பரவாயில்லை. பிள்ளை கண்ணோட இருக்கும்."

நீ செத்தால் பிள்ளையும் சாகும் என்று நான் சொன்னேன். அவள் சீப்பில் சிக்கிய மயிரை எடுத்தாள். மாப்பிள்ளை வெளியே போய் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் பேசினால் கோபம். டொக்டர் பேசினால் தங்களைக் காப்பாற்றப் பேசுகிறார்கள். மருத்துவமாது பேசினால் அவளுடைய வேலை. அந்த வீட்டில் உண்மை என்று எடுபடுவது ஒரே ஒரு குரல், அது உன்னுடையது. அவள் தன் படிப்பை விட்டு உனக்குக் கட்டித் தந்த குரல் அது.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் உன்னை வெறுப்பாள். ஒருவேளை சாகும்வரை உன்னோடு பேசமாட்டாள். உன்னைப் பற்றி ஊரில் நாலுபேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். தாங்கு. உன்னை விடச் சின்னவள், கண் தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை முழுவதையும் தாங்குகிறாள். நல்ல அண்ணன் என்ற பெயரோடு அவளுடைய சாவீட்டுக்கு வந்து நிற்பதை விட, கெட்ட அண்ணனாக அவளை உயிரோடு வைத்திருப்பது மேல். ஆள் வைத்துப் பூமாலை அனுப்பும் வேலையை இந்த வீட்டுக்குச் செய்யாதே. பொருள் அனுப்பாதே, பார்சல் அனுப்பாதே, அம்மாவிடம் சுகம் விசாரித்துவிட்டு நழுவாதே.

தங்கச்சிக்கு எடு. வீடியோவில் எடு, அவள் உன் முகத்தைப் பார்க்கட்டும். ஒட்சிசன்தான் உன் பிள்ளையை உயிரோடு தந்தது என்று சொல். கண்ணை நேரத்துக்குப் பார்த்திருந்தால் போதும் என்று சொல். அது எனக்கு அப்போதே தெரியும், அப்பா கேட்டபோது நான்தான் பின்வாங்கினேன் என்று சொல். இந்தமுறை கண்ணைப் பார்க்கும் நாளை நானே இருந்து கவனிப்பேன், நீ இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல். இதில் ஒரு வரியையும் விடாதே. அவளுக்குத் தலையிடி தொடங்கிவிட்டது என்று மாப்பிள்ளை இன்று காலையில் சொன்னார். முதல் முறையும் தலையிடியில்தான் தொடங்கியது. எப்போது எடுக்கப் போகிறாய்?